32 ஜிபிக்கு அப்பால்

64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் எலாஸ்டிக்சர்ச் ஓடுகிறது. தேடல் மந்தம். ஜாவா ஹீப்பை 31 ஜிபியிலிருந்து 36க்கு உயர்த்தினால் வேகம் கூடுமா என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

கூடாது. குறையவே வாய்ப்பு அதிகம்.

ஹீப் என்றால் என்னவென்று சர்வரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது சுட்டிகளின் கணக்கை. ஜாவாவில் ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கும்போதெல்லாம் அதன் நினைவக முகவரியை வைத்துக்கொள்கிறது. 64 பிட் கணினியில் முகவரி ஒவ்வொன்றும் 8 பைட். சின்னச் சின்னப் பொருள்கள் லட்சக்கணக்கில் குவிந்தால், முகவரிகளே ஹீப்பில் கணிசமான இடத்தை விழுங்கிவிடும்.

ஹாட்ஸ்பாட் ஜாவா இயந்திரம் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறது. அதில் பொருள்கள் வழக்கமாக 8ஆல் வகுபடும் முகவரியில்தான் தொடங்கும். ஊருக்கு வழி சொல்கிறவர் மீட்டர் கணக்கா சொல்கிறார்? எத்தனையாவது கல் என்றுதானே சொல்கிறார்! ஜாவாவும் எத்தனையாவது எட்டு என்பதை மட்டும் 4 பைட்டில் குறித்துக்கொள்கிறது. 4 பைட்டில் சுமார் 429 கோடி எண்கள் அடங்கும். எட்டால் பெருக்கினால் 32 ஜிபி.

ஹீப் அந்த எல்லையை எட்டியதும் இந்தச் சுருக்கம் கைவிடப்படுகிறது. சுட்டிகள் எல்லாம் மீண்டும் 8 பைட் ஆகின்றன. 31 ஜிபியில் அடங்கிய தரவு 36இல் திணறலாம். சுருக்கத்தோடு 32க்குள் கிடைத்த இடத்தைத் திரும்பப் பெற 40 முதல் 50 ஜிபி வரை தேவைப்படும் என்று எலாஸ்டிக்சர்ச்சின் வழிகாட்டியே சொல்லியிருக்கிறது.

மீதி ரேம் சும்மா கிடப்பதாக நினைத்து அதையும் ஹீப்புக்கே தாரைவார்க்கிறார்கள். அது சும்மா கிடக்கவில்லை. எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் இயங்கும் லூசீன், தன் அட்டவணைக் கோப்புகளை லினக்ஸின் பேஜ் கேஷை நம்பியே வேகமாகப் படிக்கிறது. ரேமில் பாதிக்கு மேல் ஹீப்புக்குக் கொடுக்காதீர்கள் என்ற பரிந்துரை அதனால்தான்.

ஆனால் நம் அலுவலகங்களில் சர்வர் மெதுவானால் முதலில் மெமரியைத்தான் ஏற்றுகிறார்கள். குப்பை சேகரிப்பு லாக்கைத் திறந்து, எதற்கு எவ்வளவு நேரம் போகிறதென்று பார்ப்பவர் அபூர்வம். எங்கோ படித்த எண்ணை அப்படியே ஒட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். எலாஸ்டிக்சர்ச் தொடங்கும்போதே ஹீப்பின் அளவையும், சுருக்கிய சுட்டிகள் இயங்குகின்றனவா என்பதையும் லாக்கில் எழுதிவைக்கிறது. வாசகர் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.