பாட்டியின் பாட்டைப் பதிவு செய்ய எவ்வளவு பணம் வேண்டும்?

தில்லை நடராசர் கோவிலில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. அதன் உள்ளே தேவார ஏடுகள்.

ராஜராஜ சோழன் அந்த அறையைத் திறக்கச் செய்தான். உள்ளே பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது! மிஞ்சியது கொஞ்சம்தான்.

"திருமுறை கண்ட புராணம்" சொல்லும் கதை இது.

கதை அதோடு முடியவில்லை. மிஞ்சிய ஏடுகளில் எழுத்து இருந்தது. ஆனால் அந்தப் பாட்டுகளை எந்தப் பண்ணில் பாடுவது? அதற்கு ஓலையை நம்ப முடியவில்லை. ஆளைத் தேடினார்கள். திருஎருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் கிடைத்தார். அவரைக் கொண்டே பண் வகுத்தார்களாம்.

அந்த ஊர் விருத்தாசலம் பக்கம் இருக்கிறது. இன்றைய பெயர் ராஜேந்திரப்பட்டினம்.

எழுத்து ஓலையில் தங்கும். மெட்டு தொண்டையில்தான் தங்கும். தொண்டையோடு போய்விடும் என்ற நிலையை மாற்றியவர், அமெரிக்காவைச் சேர்ந்த எடிசன். 1877-ம் ஆண்டில் அவர் போனோகிராப் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். பேசிய பேச்சு திரும்பவும் கேட்டது!

போன குரலும் இருக்கும் குரலும்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ம் ஆண்டில் தோன்றியது. அங்கே இசைத் துறைத் தலைவராக இருந்தவர், எம்.எம்.தண்டபாணி தேசிகர். 1942-ல் வெளிவந்த "நந்தனார்" படத்தில் நந்தனாராக நடித்தவரும் அவரே.

அவருடைய குரலை இன்றும் கேட்கலாம். காரணம், இசைத்தட்டும் சினிமாவும்.

ஆனால் கிள்ளையில் வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு பாடிய கிழவரின் குரல்? பரங்கிப்பேட்டையில் பேரனுக்குத் தாலாட்டுப் பாடிய பாட்டியின் குரல்? கொள்ளிடக் கரையில் நடவுப் பாட்டு பாடிய பெண்களின் குரல்? இவர்களைத் தேடி எந்த இசைத்தட்டுக் கம்பெனி வந்தது!

இன்று அந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். இசை படிக்கும் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படுகிறது. போட்டிக்குப் பாட்டை அனுப்பச் சொல்கிறார்கள். கச்சேரி கேட்டுப் போனால், "பதிவு இருக்கிறதா?" என்கிறார்கள்.

உடனே வீட்டில் பேச்சு எழுகிறது. "நல்ல மைக் வாங்க வேண்டும். 20 ஆயிரமாவது ஆகும்." அப்பாவின் முகம் வாடுகிறது. சிலர் தவணைக்கு வாங்குகிறார்கள். சிலர் தோட்டை அடகு வைக்கவும் துணிகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள்! பணத்தை எடுக்கும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கூரை வீட்டின் பெருமை

ஒலிப்பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் அல்ல. அறை!

சிமெண்டு சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். "டங்" என்று ஒரு எதிரொலி கேட்கும். பாடகரின் குரல் மைக்கில் விழுகிறது. சுவரில் பட்டுத் திரும்பிய குரலும் பின்னாலேயே வந்து விழுகிறது. கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. 50 ஆயிரம் ரூபாய் மைக் வைத்தாலும் இந்தக் குற்றம் போகாது. நல்ல மைக் கிணற்றை இன்னும் தெளிவாகக் காட்டும். அவ்வளவுதான்!

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. பஞ்சு மெத்தை, ஜமக்காளம், போர்வை, துணி நிறைந்த அலமாரி. மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். தரையில் ஜமக்காளத்தை விரியுங்கள். மறுபடி கை தட்டுங்கள். அந்த "டங்" அடங்கியிருக்கும்.

தென்னங்கீற்று வேய்ந்த கூரை வீடு இந்த விஷயத்தில் மாடி வீட்டை வென்றுவிடுகிறது. கீற்றும் மண் சுவரும் ஒலியைக் குடித்துவிடும். அந்த வீட்டுக்காரர் மெத்தைக்குக்கூட செலவு செய்ய வேண்டாம்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். பிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். (மறுபடி போட மறந்தால் மாவு புளித்துவிடும். அம்மாவிடம் பாட்டு வேறு விதமாகக் கேட்க நேரும்!) கடலூர் முதுநகரில் கடல் அருகே வீடு உள்ளவர்கள், காற்று வீசும் பக்கத்து ஜன்னலை அடைத்துவிட்டால் நல்லது.

கையில் இருப்பதே மைக்

அடுத்தது, செல்போன். அதில் ஏற்கெனவே ஒரு மைக் இருக்கிறது. சாதாரண மைக் அல்ல.

மைக் இவ்வளவு மலிவானதற்கு இரண்டு விஞ்ஞானிகள் காரணம். ஒருவர், ஜெர்மனியில் பிறந்த கெர்ஹார்டு செஸ்லர். இன்னொருவர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற கறுப்பின அமெரிக்கர். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1962-ம் ஆண்டில் இருவரும் "எலெக்ட்ரெட்" மைக்கை உருவாக்கினார்கள். மின்சாரத்தைத் தனக்குள்ளேயே தேக்கி வைத்திருக்கும் மெல்லிய தகடு அதில் இருக்கிறது. அதனால் மைக் சிறியதாயிற்று, விலையும் இறங்கியது. சட்டையில் குத்தும் காலர் மைக் அந்த இனம்தான். செல்போனுக்குள் இப்போது இருப்பது அதைவிடச் சிறிய சிலிக்கான் மைக்.

போனை எப்படி வைப்பது? பெரும்பாலும் மைக், சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். உறை அதை மறைக்கக்கூடாது. போனை "ஏரோபிளேன்" நிலையில் போடுங்கள். பாதிப் பாட்டில் சம்பந்தி போன் செய்யாமல் இருப்பார்!

ஸ்டூலில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் போனை வையுங்கள். பாடுகிறவரின் வாய்க்கும் போனுக்கும் ஒன்றரை சாண், இரண்டு சாண் இடைவெளி போதும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் ஒலியின் வலு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாட்டு குறையும். அறையின் சத்தம் குறையாது. கூடத்தின் மறுகோடியில் போனை வைத்துவிட்டு, "மைக் சரியில்லை" என்று சொல்லுகிறவர்கள் பலர்.

உச்சஸ்தாயியை முதலில் பாடச் சொல்லுங்கள். மீட்டர் சிவப்பைத் தொட்டால் போனைத் தள்ளி வையுங்கள். ஒலி உடைந்து பதிவானால் பிறகு ஒட்டவைப்பது கடினம்.

இன்னொரு சங்கதி. "இரைச்சல் நீக்கம்" என்று ஒரு வசதி பல போன்களில் இருக்கிறது. பாட்டுக்கு அது எதிரி! விட்டு விட்டு வரும் ஒலியைப் பேச்சு என்றும், ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்றும் அது எண்ணிக்கொள்கிறது. பாவம் தம்பூரா, ஒரே சீராகத்தானே ஒலிக்கிறது! சுருதியையே தின்றுவிடும். பதிவு செய்யும்போது அதை நிறுத்திவிடுங்கள். "வேவ்" என்ற முறையில் பதிவு செய்தால் ஒலி சுருங்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல், "டாக்குமெண்ட்" என்று அனுப்ப வேண்டும்.

இதுவரை செலவு? ஒரு பைசாவும் இல்லை.

பணம் எடுக்கும் நேரம்

இதற்குப் பிறகும் போதாது என்று தோன்றினால், ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு காலர் மைக் வாங்கலாம். கடையில் அதன் முனையைப் பாருங்கள். கருப்பு வளையம் 3 இருந்தால் செல்போன் துளைக்கு உரியது. 2 இருந்தால் கேமராவுக்கு உரியது. போனில் நேராகச் செருகினால் வேலை செய்யாது. புதுப் போன்கள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை. அப்போது சார்ஜ் துளையில் செருகும் வகையைக் கேளுங்கள்.

நான்கைந்து ஆயிரம் ரூபாய் இருந்தால், கம்ப்யூட்டரில் நேராகச் செருகும் யு.எஸ்.பி. மைக் கிடைக்கும். வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் வீட்டளவில் இதுவே தாராளம். பழைய லேப்டாப் போதும். பதிவை வெட்டி ஒட்ட "அடாசிட்டி" என்ற மென்பொருள் உண்டு. 2000-ம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். பெரிய ஸ்டூடியோ மைக் போலவே தோன்றும் "கண்டன்சர்" மைக்குகள் மலிவாக விற்கின்றன. ஆசைப்பட்டு வாங்கி, போனில் செருகுகிறார்கள். சத்தமே வருவதில்லை! மூன்று முள் உள்ள கண்டன்சர் மைக்குக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும். அதை ஊட்டும் பெட்டிக்கு "ஆடியோ இன்டர்பேஸ்" என்று பெயர். அதன் விலை பல ஆயிரம். மைக், பெட்டி, ஒயர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே மைக்கைத் தொட வேண்டும்.

நாதசுரம், தவில் வாசிக்கும் குடும்பங்களுக்குக் கண்டன்சர் மைக்கைவிட "டைனமிக்" மைக் ஏற்றது. மேடையில் கையில் பிடித்துப் பாடுவார்களே, அதுதான். பெருஞ்சத்தத்தைத் தாங்கும். அந்த மைக்குக்கு 48 வோல்ட் வேண்டாம். பெட்டி மட்டும் வேண்டும். நாதசுரத்தின் அணைசுக்கு நேர் எதிரே மைக்கை வைக்காதீர்கள். ஆறேழு அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

பழைய சாமான் வாங்கினால் வெட்கப்படாமல் அங்கேயே சோதியுங்கள். அரை நிமிடம் பாடுங்கள். அரை நிமிடம் சும்மா இருங்கள். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். சும்மா இருந்த நேரத்தில் "உஸ்" என்ற இரைச்சல் பலமாகக் கேட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் வரும் மாவட்டம்

பதிவு முடிந்தது. இனிதான் கவலை ஆரம்பம்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ல் சுனாமி கடலூர்க் கரையை அழித்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் பெருவெள்ளம். இந்த மாவட்டத்தில் எந்தப் பொருளையும் ஒரே வீட்டில் வைத்து நம்ப முடியாது. பாட்டும் அப்படியே. போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இன்டர்நெட்டில் ஒன்று என்று மூன்று பிரதி வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் மகளிடம் ஒரு பென் டிரைவ் இருப்பது இன்னும் நல்லது.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடுபவரின் பெயர், ஊர், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து "இது எந்தப் பாட்டி?" என்று பேரன் கேட்கக்கூடாது அல்லவா! யாருக்கு அனுப்பலாம், யாருக்கு வேண்டாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊரில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். மைக்கைத் திறந்த அலமாரியில் வைக்கவேண்டாம். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது உள்ளே ஈரம் உறிஞ்சும் ஒரு சிறு பொட்டலம் இருக்குமே, அதில் இரண்டைக் கூடவே போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.