மகிழுந்துத் துணி இருக்கைகளை உலர்த்துதல்

நனைந்த மகிழுந்தின் (கார்) துணி இருக்கைகளிலிருந்து ஈரத்தை நீக்கி, பூஞ்சை பிடிக்காமல் காப்பது துணி இருக்கை உலர்த்துதல் ஆகும். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதன் தேவை மிகுதி. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி, செல்லூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது.

ஈரம் தங்கும் விதம்

துணிக்குக் கீழே உள்ள பாலியூரித்தேன் நுரைப்பஞ்சின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இதனால் மேல்துணி காய்ந்த பின்னும் உள்ளே பல நாள் ஈரம் இருக்கும். நனைந்த 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை வளரத் தொடங்கலாம். அதன் வித்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும்.

வெயிலில் கண்ணாடிகளை முழுதும் மூடி நிறுத்தினால் ஈரம் ஆவியாகும், ஆனால் வெளியேறாது. இரவில் குளிர்ந்ததும் மீண்டும் உள்ளேயே படியும். எனவே வெப்பம் மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும்.

உலர்த்தும் முறை

1. உலர்ந்த துண்டை வைத்து அழுத்தி நீரை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது.
2. கால்மிதிகளை வெளியே எடுத்துக் காயவைத்து, தரைவிரிப்பின் அடியிலும் ஈரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
3. கதவுகளைத் திறந்து வைத்து மின்விசிறியை இருக்கையை நோக்கி ஓடவிட வேண்டும். அடைமழை நாளில் கண்ணாடிகளை மூடி ஏ.சி.யை இயக்கலாம், அது காற்றின் ஈரத்தைக் குறைக்கும்.
4. செய்தித்தாளை இருக்கையில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தாள் நனைந்தால் உள்ளே இன்னும் ஈரம் உள்ளது.
5. நன்கு காய்ந்த பின் சமையல் சோடாவைத் தூவி, மறுநாள் உறிஞ்சி எடுத்தால் வாடை குறையும்.

கவனிக்க வேண்டியவை

வெள்ளநீர் புகுந்த வண்டியை இயக்கிப் பார்க்கக் கூடாது. இருக்கைக்கு அடியில் காற்றுப்பை இணைப்புகள் இருக்கலாம் என்பதால் இருக்கையைக் கழற்றுவதைப் பணிமனையிடம் விட வேண்டும். சாக்கடை நீரில் ஊறிய நுரைப்பஞ்சை மாற்றுவதே பாதுகாப்பு.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்காது. முழுமைக் காப்பீடு உள்ளவர்கள் சுத்தம் செய்யும் முன்பே படமெடுத்து, நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

முன்காப்பு

மழைக்காலத்திற்கு முன் கதவுகளின் ரப்பர் பட்டைகளையும், கதவடி வடிதுளைகளையும், ஏ.சி. நீர் வெளியேறும் குழாயையும் பார்க்க வேண்டும். மழையே இல்லாமல் முன்னிருக்கையின் கால்பகுதி நனைந்தால், பெரும்பாலும் அக்குழாய் அடைத்திருக்கும். ஈர இருக்கையின் மேல் பிளாஸ்டிக் உறை போடுவது பூஞ்சைக்கு இடம் கொடுப்பதாகும்.