தன் பெயர் அறியும் நிரல்

மண்டைதீவுக்கு வழி யாது என்று யாழ்ப்பாண நகரில் வினவுபவருக்குப் பண்ணைக் கடலின் மேலாகச் செல்லும் வீதியைக் காட்டுவர். வேலணையில் நின்று வினவுபவருக்கு அவ்விடை பொருந்தாது; அவர் நகரை நோக்கி வருதல் வேண்டும். தீவு ஒன்றே, நிற்கும் இடம் வேறாதலின் வழியும் வேறாகிறது. பெயரும் அத்தகையதே. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுந்தீவை டெல்ப்ட் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரால் அழைத்தனர். அழைப்பவர் இடும் பெயர் வேறு. அழைக்கப்படும் பொருள் உள்ள இடம் வேறு.

கணினியிலும் இவ்வேறுபாடு உண்டு. கட்டளைகளை வரிசைப்பட எழுதிவைத்த கோப்பினை ஸ்கிரிப்ட் என்பர். இயங்கும் வேளையில் அது தன்னருகே உள்ள கோப்புகளைப் படிக்கவோ பழையனவற்றை அழிக்கவோ நேரிடும். அதற்குத் தான் இருக்கும் இடத்தைத் தானே அறிதல் வேண்டும். பிழைபட அறியின், வேறோர் இடத்திலுள்ள கோப்புகள் அழிந்தொழியும்.

லினக்ஸ் கணினிகளில் வழங்கும் பாஷ் மொழியில், டொலர் குறியை அடுத்துப் பூச்சியம் இட்டால் ஸ்கிரிப்டின் பெயர் கிடைக்கும் என்பது பலர் கருத்து. உண்மையில் அது பெரும்பாலும் அழைத்தவர் கூறிய பெயரே. இதனால் விளையும் இடர்கள் மூன்று. அழைத்தவர் நின்ற இடத்திலிருந்து வழி கூறப்பட்டிருப்பின், ஸ்கிரிப்ட் இடையில் வேறிடம் பெயர்ந்ததும் அவ்வழி பயனற்றதாகிறது. குறியீட்டு இணைப்பு எனப்படும் மாற்றுப் பெயரால் அழைக்கப்படின், மாற்றுப் பெயரே கிடைக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் மற்றொன்றைத் தன்னுள் வாசித்து இயக்கினால், உள்ளே உள்ளதற்கு வெளியே உள்ளதன் பெயரே தெரிகிறது.

இவற்றுக்குப் பரிகாரம், அழைத்தவரை விடுத்து வாசித்தவரை வினவுதலாகும். எக்கோப்பிலிருந்து கட்டளைகளை வாசிக்கிறது என்பதைப் பாஷ் தானே குறித்து வைக்கிறது. பாஷ் சோர்ஸ் எனப்படும் அக்குறிப்பு 2004 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் உள்ளது. அதனைப் பெற்று, ரியல்பாத் என்னும் கட்டளையால் மாற்றுப் பெயர்களை நீக்கி, முழுவழியாக்கிக்கொள்ள வேண்டும். இதனை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, இடம் பெயருமுன் செய்தல் இன்றியமையாதது.

எனினும் கோப்பே இல்லாமல், கட்டளைகள் நேராகப் பாஷுக்கு ஊட்டப்படுவதும் உண்டு. அப்போது அறிதற்குரிய கோப்புப் பெயர் யாதும் இல்லை. ஆதலின் பெயர் கிடையாதவிடத்து ஊகித்துத் தொடராமல், தன் பணியை நிறுத்திக்கொள்ளும் ஸ்கிரிப்டே நம்பத்தக்கது.