சிறுபடகில் மீன் பிடிப்போரும் ஏரியின் சமநிலையும்

வட அமெரிக்காவின் ஏரிகளில் இளவேனிற் காலம் தொடங்கும்போது, குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் ஒடுங்கிக் கிடந்த மீன்கள் கரையோரத்தை நாடி வருகின்றன. நீரின் உஷ்ணநிலை 15 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும், பெருவாய் பாஸ் என்னும் மீனின் ஆண், இரண்டு மூன்று அடி ஆழமே உள்ள இடமாகத் தேடிப் பிடித்து, வாலால் சேற்றையும் சருகையும் விலக்கித் தட்டுப் போன்ற ஒரு குழியை அமைக்கின்றது. அதே வாரங்களில்தான் மீன் பிடிப்போரும் தம் சிறுபடகுகளுடன் கரைக்கு வருகின்றனர். பெரிய விசைப்படகு நுழைய இயலாத அந்த இரண்டடி நீருக்குள் கயாக் என்னும் சிறுபடகு ஓசையின்றி நுழைந்துவிடுகின்றது. அங்கே தூண்டிலில் சிக்கும் மீன்களுள் எது கூடைக்குப் போகின்றது, எது நீருக்குத் திரும்புகின்றது என்பது அந்நீர்நிலையின் அடுத்த சில ஆண்டுகளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது.

கயாக், ஆர்க்டிக் கடற்கரைகளில் வாழும் இனூயிட், அலூட் மக்களின் வேட்டைப் படகாகும். கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளாலும் திமிங்கில எலும்புகளாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துத் தைத்து, ஒரே ஓர் ஆள் உட்காரத்தக்க துளை விட்டு அதனை அமைத்தனர். இன்று ஏரிகளிலும் ஆறுகளிலும் காணப்படும் மீன்பிடி கயாக், பெயரளவிலும் வடிவத்திலுமே அதன் வழித்தோன்றல். பாலிஎத்திலீன் தூளை அச்சிலிட்டு, அச்சைச் சூட்டில் சுழற்றி இதனை வார்க்கின்றனர். நீளம் சாதாரணமாக 10 முதல் 14 அடி. அகலம் 30 முதல் 36 அங்குலம். மிதப்பதற்கு ஒரு சாண் ஆழ நீரே போதும்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை விரிப்போரைக் கண்ட களப் பணியாளர், இரண்டு படகுகளையும் எளிதில் ஒப்பிடலாம். பரிசல் வட்டமானது, எப்பக்கமும் திரும்பும், நேரே செல்ல மறுக்கும். கயாக் நீண்டு ஒடுங்கியது. நேரே விரைந்து செல்லும், திரும்ப மறுக்கும். பரிசலில் வலையைக் குவித்து வைக்கலாம். கயாக்கிலோ ஒரு தூண்டிற்கோலும் ஒரு சிறு பெட்டியும் வைப்பதற்கே இடமுண்டு. ஆகவே அது பிழைப்புக்குரிய படகு அன்று. பொழுதுபோக்குக்கும், ஒரு குடும்பத்தின் இரவு உணவுக்கும் உரியது.

ஓசையின்மையே அதன் சிறப்பு. நீரில் ஒலி, காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். மீனுக்கு உட்செவி உண்டு. அதனோடு உடலின் இருபக்கமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு நீரின் மெல்லிய அசைவையும் உணர்த்துகின்றது. துடுப்பு படகின் விளிம்பில் ஒருமுறை தட்டினாலும், ஆழமற்ற நீரிலுள்ள மீன் விலகிவிடும். இதை அறிந்தோர் படகின் அடித்தளத்தில் ஒரு விரிப்பை இட்டு, காற்று தள்ளும் திசையில் மிதந்துகொண்டே தூண்டில் வீசுவர். தாழ உட்கார்ந்திருப்பதால் அவர்களின் உருவமும் மீனின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

இவ்வாறு நாடப்படும் மீன்கள் இருவகை. ஒன்று பாஸ், இது பிற மீன்களையும், தவளைகளையும், நன்னீர் இறாலை ஒத்த கிரேஃபிஷ்களையும் விழுங்கும் வேட்டை மீன். மற்றொன்று பான்ஃபிஷ் எனப்படும் சிறுமீன் கூட்டம். வறுக்கும் சட்டிக்குள் முழுதாக அடங்கும் மீன் என்பதே அப்பெயரின் பொருள். இக்கூட்டத்தில் மிகப் பரவியது புளூகில். கையகல உடல், சிறிய வாய், செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கரும்பொட்டு ஆகியவை இதன் அடையாளங்கள். பள்ளிச் சிறுவன் ஒரு மண்புழுவையும் தக்கையையும் கொண்டே இதனைப் பிடித்துவிடலாம். உண்பதும் உண்ணப்படுவதுமாகிய இந்தப் பாஸும் புளூகிலும் சன்ஃபிஷ் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரண்டிலும் ஆண் மீனே கூட்டைக் காக்கின்றது. பெண் முட்டையிட்டுவிட்டு நீங்கியபின், ஆண் பாஸ் இரைதேடலையும் பெரும்பாலும் விடுத்துக் குழியின்மேல் நின்று, வாலை அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் செலுத்தி, நெருங்கும் எதையும் பாய்ந்து தாக்குகின்றது. தாக்கும் இயல்பே அதற்குக் கேடாகவும் முடிகின்றது. கூட்டினருகே விழுந்த செயற்கை இரையைப் பசியினாலன்றிச் சினத்தினாலும் அது கவ்வும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள ஓப்பினிகான் ஏரியில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்தைச் சார்ந்து நடந்த ஆராய்ச்சிகள், காவல் மீனை அகற்றியவுடன் நேர்வதைத் தெளிவாகக் காட்டின. சில நிமிஷங்களிலேயே புளூகில்கள் கூட்டில் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. பிடித்த பாஸை உடனே விடுவித்தாலும், அது களைப்பு நீங்கித் திரும்புவதற்குள் கூட்டில் ஒன்றும் எஞ்சாதிருத்தல் கூடும். அம்மாகாணத்தில் பாஸ் பிடிக்கும் பருவம் நெடுங்காலமாகவே ஜூன் மாதத்தில் தொடங்கி வந்திருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய தடைக்காலம் இல்லை.

இரையும் வேட்டை மீனும் எந்த அளவில் சேர்ந்திருந்தால் ஒரு குளம் நல்ல மீனைத் தரும் என்னும் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் ஹோமர் ஸ்விங்கிள். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் விவசாயப் பரிசோதனை நிலையத்தில் இவரும் இவர் உடன் உழைத்த ஸ்மித் என்பவரும் 1930-களில் தொடங்கிப் பல குளங்களில் மீன்களை அளந்து விட்டு, பின் நீரை வடித்து, எஞ்சியவற்றை எண்ணி நிறுத்தனர். 1950-ல் ஸ்விங்கிள் வெளியிட்ட முடிவுகளின்படி, இரை மீன்களின் மொத்த எடை வேட்டை மீன்களின் எடையைப்போல் 3 முதல் 6 மடங்காக இருப்பதே விரும்பத்தக்கது. ஏக்கருக்கு 1,000 புளூகில் விட்டால் 100 பாஸ் விடவேண்டும் என்னும் பத்துக்கு ஒன்று என்ற வழக்கமும் இவர் பணியிலிருந்து பரவியதே.

பாஸ் குறைந்துவிட்டால் நேர்வது என்ன? குளத்தில் மீனே இல்லாமற் போவதில்லை. மாறாக, மீன் மிகுந்துவிடுகின்றது. தின்பாரற்ற புளூகில் பெருகி, உணவைப் பங்கிட்டுப் பங்கிட்டு, எல்லாமே மூன்று நான்கு அங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடுகின்றன. இந்தக் குறுமீன் கூட்டமே பாஸின் முட்டைகளையும் தின்பதால், பாஸ் தானே மீண்டும் பெருகவும் வழியில்லை. நம் நாட்டு மீன்வளத் துறையினருக்கு இந்நிலை புதிதன்று. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, குளங்களில் மாதந்தோறும் குஞ்சு பொரித்து, நெருக்கத்தால் சிறுத்து, விலைபோகாத மீனாகியதை அவர்கள் கண்டிருக்கின்றனர்.

நிலையை அறிய ஸ்விங்கிள் ஓர் எளிய முறையைக் கூறினார். கோடையின் தொடக்கத்தில் சிறுகண்ணி இழுவலை ஒன்றைக் கரையோரம் இழுத்துப் பார்த்தல் போதும். அவ்வாண்டில் பொரித்த பாஸ் குஞ்சுகளும், ஏராளமான புளூகில் பொடிகளும், இடைத்தர புளூகில் சிலவும் வந்தால் குளம் சமநிலையில் உள்ளது. பாஸ் குஞ்சே இல்லாமல் 3 முதல் 5 அங்குல புளூகில்களால் வலை நிறைந்தால் சமநிலை குலைந்துவிட்டது. குளத்தை வடிக்காமலே நோயைக் கண்டறியும் இம்முறை, மாணவர்களைக் கொண்டும் செய்துபார்க்கத் தக்கது.

இவ்வளவில், சிறியதை விட்டுவிடு, பெரியதை எடுத்துக்கொள் என்னும் பொதுவழக்கம் எவ்வளவு தவறாகக்கூடும் என்பது விளங்கும். குறுமீன் நெருக்கமுள்ள குளத்தில் சிறு புளூகிலை நீருக்குத் திருப்பிவிடுதல் கருணையாகாது; அங்கே திருப்பிவிட வேண்டியது பாஸ். மறுபுறம், பாஸை முற்றிலும் எடுக்காதிருப்பதும் எப்போதும் நன்றன்று. 1972 முதல் அமெரிக்க பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிருடன் விடுவிக்கும் வழக்கம் ஊக்குவிக்கப்பட்டு, நாளடைவில் பொதுமக்களிடமும் பரவியது. இதனால் பல ஏரிகள் பயனடைந்தன. எனினும் சிறு குளங்கள் சிலவற்றில் பாஸே நெருக்கமாகி, ஓரடி நீளத்தில் வளர்ச்சி குன்றிநிற்கின்றது. தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் உள்ள பாஸ் தொடர்ந்து பிடிபட்டால், அந்நீரில் பாஸைச் சிறிது எடுத்து உண்பதே நலம். மீனின் நீளத்தை மட்டுமன்றி வயிற்றையும் பார்க்க வேண்டும் என்பதை அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்கின்றது.

பெரிய புளூகிலின் கதை இன்னும் விந்தையானது. ஓப்பினிகான் ஏரியில் மார்ட் கிராஸ் என்பவர் 1980-களில் வெளியிட்ட ஆராய்ச்சிகளின்படி, கூடு கட்டிக் காக்கும் ஆண், முதிர்ச்சியடைய சுமார் ஏழாண்டு பிடிக்கின்றது. வேறு சில ஆண்களோ இரண்டு மூன்று வயதிலேயே முதிர்ந்து, கூடு கட்டாமல் புல்லிடை மறைந்திருந்து, பெரிய ஆணின் கூட்டில் பெண் முட்டையிடும் கணத்தில் பாய்ந்து விந்துவைச் சொரிந்துவிட்டு ஓடுகின்றன. சற்று வளர்ந்தபின் அவையே பெண்மீனின் நிறத்தை ஏற்று, காவலனை ஏமாற்றிக் கூட்டினுள் நுழைகின்றன. பெரிய ஆண்கள் கூட்டமாக, தேனடை போல் நெருங்கிய குழிகளில், கோடையின் பெரும்பகுதியும் காவல் நிற்கும். தெளிந்த நீரில் கயாக்கிலிருந்து பார்ப்பவருக்கு அக்குழிகள் வெண்தட்டுகள் போல் தோன்றும். ஒரே காலையில் ஒரு கூட்டம் முழுவதையும் பிடித்துவிடலாம். அவ்வாறு பெரிய ஆண்கள் அகற்றப்பட்டால், போட்டி இல்லாத இளம் ஆண்கள் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டிய சக்தியை இனப்பெருக்கத்திற்குத் திருப்பி, சிறிய அளவிலேயே முதிர்ந்துவிடுவதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே புளூகிலில் எடுக்கத்தக்கது ஆறு, ஏழு அங்குல நடுத்தர மீன். விடத்தக்கது கூட்டின்மேல் நிற்கும் பெரிய ஆண். மின்னசோட்டா மாநிலம் குறிப்பிட்ட சில ஏரிகளில் ஒருவர் எடுக்கக்கூடிய மீன்களை 5 அல்லது 10 எனக் குறைத்திருப்பது இதன் பொருட்டே.

ஆறுகளில் நாடப்படுவது பெரும்பாலும் சிறுவாய் பாஸ். பாறைகளின் பின்னே நீர் சுழன்று தணியும் இடங்களில் அது இரைக்குக் காத்துநிற்கும். அங்கே மீனைக் காட்டிலும் நீரை அறிதல் முக்கியம். ஓட்டத்தின் குறுக்கே பக்கவாட்டில் நங்கூரமிட்ட கயாக்கை நீர் ஒரு நொடியில் கவிழ்த்துவிடும். தாழ்ந்த தடுப்பணைகள் அதனினும் கொடியவை. மேலிருந்து பார்ப்பவருக்கு ஆற்றின் குறுக்கே ஒரு மெல்லிய கோடே தெரியும். கீழே விழும் நீர் அடியில் சென்று மேலெழுந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பிப் பாய்வதால், அதில் அகப்பட்ட படகும் ஆளும் மீண்டும் மீண்டும் அணையடிக்கே இழுக்கப்படுகின்றனர். காற்றுக்குமிழ் நிறைந்த அந்நீர் உடலைத் தாங்கும் வலிமையும் குறைந்தது. நம் நாட்டுத் தடுப்பணைகளின் அடியிலும் நீரின் இயக்கம் இதுவே. குளிக்கச் செல்லும் சிறுவர்களுக்கு ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்.

ஏரியின் அபாயம் குளிர்ச்சி. இளவேனிலில் காற்று இதமாயிருந்தாலும் நீர் 10 டிகிரியில் இருக்கும். அதில் திடீரென விழுந்தவர் தம்மையறியாமல் மூச்சை உள்ளிழுத்து நீரைக் குடிப்பர். சில நிமிஷங்களில் விரல்கள் படகைப் பற்றும் வலிமையை இழக்கின்றன. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளில், மூழ்கி இறந்தோருள் மிகப் பெரும்பாலோர் மிதவை அங்கி அணியாதவர்கள் என்பதே ஆண்டுதோறும் காணப்படுகின்றது. அங்கி படகில் இருந்தது, உடலில் இல்லை.

இம்மீன்கள் தம் தாயகத்தில் பெற்றுள்ள மதிப்பு எங்கும் பொருந்துவதன்று. பெருவாய் பாஸ் 1925-ல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்டது. 1960-ல் அந்நாட்டுப் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ சிகாகோ சென்றபோது நகர மேயர் அளித்த புளூகில்களும், உணவு மீனாக வளர்க்கலாம் என்னும் நல்லெண்ணத்துடன் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. இரண்டும் பரவி, நாட்டின் மிகப் பெரிய ஏரியான பீவாவில் உள்நாட்டுச் சிறுமீன்களை அரித்தன. மீனியல் ஆராய்ச்சியாளருமான அகிஹிட்டோ, பேரரசராக இருந்த 2007-ல் அவ்வேரிக்கரை நிகழ்ச்சியொன்றில் இதற்காக வருத்தம் தெரிவித்தார். 2009-ல் அதே பீவா ஏரியில் பிடிபட்ட ஒரு பாஸ், 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டு உலகிலேயே பெரியதெனக் கருதப்பட்டுவந்த 22 ராத்தல் 4 அவுன்ஸ் மீனுக்குச் சமமான சாதனையாகப் பதிவாகியது.

பீவா அமைந்துள்ள ஷிகா மாகாணத்தின் விதி 2003 முதல் அமெரிக்க வழக்கத்திற்கு நேர்மாறானது. தூண்டிலில் சிக்கிய பாஸையும் புளூகிலையும் ஏரிக்குள் திருப்பிவிடுதல் அங்கே கூடாது. பிடித்தவர் அவற்றை இட்டுச் செல்வதற்கென்றே கரையோரத்தில் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன.