கதை கேட்டபடி ஒரு கடற்கரை நடை!

"நடங்கள்! தினமும் அரை மணி நேரம் நடங்கள்!"

என் தந்தையிடம் டாக்டர் இப்படிச் சொன்னார். தந்தைக்கு வயது 62. சர்க்கரை வியாதி வந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவர் ஒரு வேளை கூட மறக்கவில்லை. ஆனால் நடை?

மூன்று நாள் நடந்தார். நான்காவது நாள், "கால் வலிக்கிறது" என்றார். ஐந்தாவது நாள், "மழை வரும் போல் இருக்கிறது" என்றார். ஆறாவது நாள் காரணமே சொல்லவில்லை. பத்திரிகையும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கண் கலங்கினார். அதற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமனுக்கும் இதே வியாதிதான். காலில் ஒரு சிறு புண் வந்தது. ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு காலையே எடுத்தார்கள்.

"என் அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுமா இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று அம்மா கேட்டார். தந்தை பதில் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

பேத்தி கேட்ட கேள்வி

அவரை எழுப்பியது என் மகள். அவளுக்கு 9 வயது. எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். ஒருநாள் அவள் கேட்டாள்:

"தாத்தா, 'ஐஸ் அவுஸ்' என்கிறார்களே, அங்கே ஐஸ் விற்பார்களா?"

"இப்போது விற்பதில்லை. ஒரு காலத்தில் விற்றார்கள். வா, காட்டுகிறேன்" என்றார் தந்தை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று தொடங்கிய நடை, எட்டு மாதங்களாக நிற்கவில்லை. தினமும் ஒரு கதை. அந்தக் கதைகளைக் கேட்டபடி நீங்களும் கொஞ்சம் நடந்து வாருங்களேன்!

உழைப்பாளர் சிலை

நடை தொடங்கும் இடம், மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய பாறையை நெம்புகிறார்கள். நரம்பு புடைத்து நிற்கிறது. இதைச் செய்த சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி. சிலை திறக்கப்பட்ட ஆண்டு 1959.

உழைப்பாளிகளுக்கு இந்தக் கடற்கரையோடு பழைய உறவு உண்டு. இந்தியாவில் முதல் மே தினம் கொண்டாடப்பட்டது 1923-ம் ஆண்டு. சிங்காரவேலர் அன்று நடத்திய கூட்டங்களில் ஒன்று, இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் நடந்தது.

சாலையின் எதிர்ப்புறம் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் தெரிகிறது. 1879-ல் கட்டி முடிக்கப்பட்டது. தெற்கே போனால் மாநிலக் கல்லூரி. அதன் கட்டடம் 1870-ல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் திட்டம் வரைந்தவர் ஒருவரே. அவர் பெயர் சிஸ்ஹோம்.

மணல் எப்படி வந்தது?

"தாத்தா, இவ்வளவு மணலை யார் கொண்டுவந்து கொட்டினார்கள்?" இது மகளின் இன்னொரு கேள்வி.

கொட்டியது கடல்தான்! 150 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இவ்வளவு மணல் கிடையாது. அலை, சாலைக்குப் பக்கத்திலேயே அடித்தது.

நம் கரை ஓரமாக, கடல் நீர் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் நீட்டிய கற்சுவர் மணலைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே தேங்கியது. அதுதான் மெரினா!

ஆனால் வடக்கே என்ன நடந்தது? அங்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அரித்தது. அங்கிருந்த மீனவர்கள் பலர் வீடு இழந்தார்கள். ஒரு பக்கத்தின் லாபம், இன்னொரு பக்கத்தின் நஷ்டம்!

மணல் சேர்ந்த பிறகு, கவர்னர் கிராண்ட் டப் இங்கே உலாவும் பாதை அமைத்தார். 1880-களில் நடந்தது இது. 'மெரினா' என்று பெயர் சூட்டியவரும் அவரே.

அமெரிக்காவிலிருந்து ஐஸ்!

இதோ, 'ஐஸ் அவுஸ்' வந்துவிட்டது. 1842-ல் கட்டியது. அந்தக் காலத்தில் நம் ஊரில் ஐஸ் செய்யும் எந்திரம் கிடையாது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். இந்தக் கட்டடத்தில் வைத்து விற்றார்கள். பிறகு ஐஸ் எந்திரம் வந்தது. இந்த வியாபாரம் படுத்துவிட்டது.

1897 பிப்ரவரியில், சுவாமி விவேகானந்தர் இங்கே ஒன்பது நாட்கள் தங்கினார். 1963-ல் இது 'விவேகானந்தர் இல்லம்' ஆயிற்று. ஆனாலும் ஊர் மக்கள் வாயில் இன்றும் 'ஐஸ் அவுஸ்'தான்.

அடுத்து ராணி மேரி கல்லூரி. சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. ஆண்டு 1914. "நானும் இங்கே படிப்பேன்" என்று மகள் சொல்லி வைத்திருக்கிறாள்.

கடைசியில் கலங்கரை விளக்கம். 1977-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் இருந்த விளக்குதான் கப்பல்களுக்கு வழி காட்டியது.

எப்படி நடக்க வேண்டும்?

உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, 3 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சற்று வேகமாக நடந்தால் 35 நிமிடம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. தினம் 30 நிமிடம் என்று ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்! நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால்தான் டாக்டர்கள் நடக்கச் சொல்கிறார்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், சிப்பி குத்தியதும் சூடு பட்டதும் தெரியாது. வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். கையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். தலை சுற்றி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நடக்கவும்.

வீட்டிலேயே பட்டாணிச் சுண்டல்

நடந்து முடித்ததும் பசிக்கும். பஜ்ஜிக் கடை கண் சிமிட்டும்! அதற்காகவே அம்மா சுண்டல் செய்து வைத்துவிடுகிறார். நான்கு பேருக்கு அளவு இது:

உலர்ந்த வெள்ளைப் பட்டாணி ஒரு ஆழாக்கு எடுத்து, 8 மணி நேரம் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு வேக வையுங்கள். குக்கரில் மூன்று விசில் போதும். குழைந்துவிடக் கூடாது.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வரமிளகாய் இரண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். பட்டாணியை வடித்துப் போட்டுக் கிளறுங்கள். இறக்கிய பிறகு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய மாங்காய், கொஞ்சம் இஞ்சி சேருங்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களும் ஒரு சிறு கிண்ணம் சாப்பிடலாம். ஆனால் அது பஜ்ஜிக்குப் பதிலாக இருக்க வேண்டும். பஜ்ஜியோடு சேர்த்து அல்ல!

டாக்டர் சொன்னது

போன மாதம் தந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. கூட்டவும் இல்லை. "இப்படியே நடங்கள்" என்றார். அம்மா அன்று இரண்டாவது தடவையாகக் கண் கலங்கினார். இது வேறு கண்ணீர்.

உங்கள் ஊரில் கடற்கரை இல்லையா? குளக்கரை இருக்கும். கோவில் வீதி இருக்கும். பழைய கோட்டையோ, பாலமோ இருக்கும். அதற்கும் ஒரு கதை இருக்கும். வீட்டுப் பெரியவரைத் தனியாக நடக்கச் சொல்லாதீர்கள். ஒரு குழந்தையைக் கூட அனுப்புங்கள். கேள்வி கேட்க ஆள் இருந்தால் கால் தானாக நடக்கும்.

இதோ, மாலை மணி ஐந்து. வாசலில் என் மகள் குரல் கேட்கிறது:

"தாத்தா, செருப்பை எடுத்து வைத்துவிட்டேன். இன்றைக்கு என்ன கதை?"