430 குதிரைத்திறன் பிரேக்

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி. 2022-இல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டதால் ஆசைப்படுகிறவர்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடிக்கிறார்கள். வண்டி கைக்கு வந்ததும் முதல் கேள்வி, இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது பற்றி: “ஸ்டேஜ் 1 ரீமேப் போட எவ்வளவு ஆகும்?”

பந்தய ட்ராக்கில் ஓட்ட நினைப்பவர் செலவை அங்கே தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. காரணம் கணக்கில் இருக்கிறது.

ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் (சுற்று 3.7 கி.மீ., 12 வளைவுகள்) நேர்பாதை முடிவில் 160 கி.மீ. வேகம், வளைவுக்குள் நுழைய 60 என்று வைத்துக்கொள்வோம். இடையில் கழிய வேண்டிய ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். மூன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். நன்றாக அழுத்திப் பிடித்தால் மூன்றே கால் வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் இவ்வளவு வெப்பம் என்றால் 430 குதிரைத்திறன் கணக்கு வருகிறது. காற்றும் இன்ஜினும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டாலும் பெரும்பாகம் முன் டிஸ்க்குகளின் தலையில்தான் விழுகிறது. பின்னால் வெறும் டிரம். இது ஒரு வளைவுக்கு. அடுத்தது சில வினாடிகளில் வந்துவிடும்.

இனி ரீமேப்பைப் பாருங்கள். அதே நேர்பாதையில் 160 என்பது 170 ஆகிறது. வேகத்தில் ஏற்றம் 6 சதவீதம், பிரேக் விழுங்க வேண்டிய வெப்பத்தில் 15 சதவீதம். முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து நாம் வாங்குவதில் இதுவும் அடக்கம். கியர்பாக்ஸுக்கும் ஒரு கூரை உண்டு: இந்த உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர். 175-இலிருந்து அந்தப் பக்கமாக ஏற ஏற, கையிருப்பு கரைகிறது.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயில். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அளவுகோல் 155-க்கு இறங்கிவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி, பெடல் பலகை வரை போய்விடும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில் 312 டிகிரி வரை தாங்கும். சாதா டாட் 4 லிட்டர் சுமார் ஐந்நூறு, அறுநூறு ரூபாய். பந்தய ஆயில் அதைப்போல் சில மடங்கு. இரண்டில் எதுவானாலும், முழு வண்டிக்கும் ஒரு லிட்டர் வைத்துக்கொண்டால் கணக்கு சரி.

மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ப்ளீடர் நிப்பிளில் மெல்லிய குழாய், மறுமுனை பாட்டிலில். கீழே குனிந்திருக்கும் பையன் குரல் கொடுப்பான்: “அண்ணே, அமுக்குங்க… அப்படியே பிடிங்க… விடுங்க.” முதலில் கறுத்த பழுப்பு வரும், பிறகு குமிழி, கடைசியில் தெளிந்த தேன்நிறம். அவன் அவசரத்தில் குமிழியோடு நிப்பிளை மூடிவிட்டால், ஊற்றிய ஆயில் எவ்வளவு விலையானாலும் வீண்.

அடுத்தது டயர். 185/60 ஆர்15, ஒன்று சுமார் 7,000 என்றால் நான்குக்கு 28,000. சாலையில் 40,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு 70 பைசா. ட்ராக்கில் 2,000 கி.மீ. தாங்கினால் 14 ரூபாய். இருபது மடங்கு! ஒரு நாளில் 120 கி.மீ. சுற்றினால் 1,680 ரூபாய் ரப்பர் தார்ச்சாலையில் தேய்ந்துபோகிறது. காற்றைக் காலையில் 32 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மறந்துவிடக் கூடாது: டயருக்குள் 30 டிகிரி 70 ஆனால் அழுத்தம் 38-ஐத் தொடும். 26-இல் தொடங்கினால் 31 சொச்சத்தில் நிற்கும். இந்த மாற்றத்துக்குச் செலவு பூஜ்யம். வீட்டுக்குக் கிளம்பும்முன் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூடவே வீல் போல்ட் இறுக்கம், 120 நியூட்டன் மீட்டர்.

பெட்ரோலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தாலும் 120 கி.மீ.க்கு 24 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 2,424. விட்டுத்தள்ளலாம்.

விட்டுத்தள்ள முடியாதது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும் என்கிறது. சத்தமான எக்ஸாஸ்ட், தாழ்த்திய ஸ்பிரிங், இன்னொன்று என்று மூன்று சேர்ந்தால் 15,000. பிரேக் ஆயிலும் காற்றழுத்தமும் இந்தக் கணக்கில் வராது.

இன்சூரன்ஸ் பக்கம் எழுதவேண்டிய எண்ணும் பூஜ்யம்தான். வழக்கமான பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு. ஜீரோ டெப் எடுத்திருக்கிறோமே என்றால், அதுவும் அதே பாலிசியின் மேல் ஒட்டியதுதான். ட்ராக் ஓரத் தடுப்பில் முன்பக்கம் மோதினால் பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர், இழுத்துவரும் வண்டி வாடகை எல்லாம் கைக்காசு. ரீமேப்புக்கு எடுத்துவைத்த பணத்தை அதற்கென்று தனியே வைத்துக்கொண்டுதான் நான் கேட்டுக்குள் நுழைவேன்.