பழைய கம்மின்ஸ் எஞ்சினில் பம்பை மாற்றுவது ஏன்? எப்படி?

1998 முதல் 2002 வரை டாட்ஜ் ராம் டிரக்குகளில் வந்த 24 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் உறுதியானது. அதன் பலவீனம் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப். உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு உயவும் குளிர்ச்சியும். டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் சிறு மின்பம்ப் சோர்ந்தால் விபி44 தேய்ந்துவிடும். முந்தைய 12 வால்வு எஞ்சினின் பி7100 பம்ப் முழுக்க இயந்திர வகை. எஞ்சின் ஆயிலிலேயே உயவு பெறும். அதனால்தான் அதைக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள்.

பம்ப் பொருந்த 12 வால்வு எஞ்சினின் முன்பக்கக் கியர் கூடும் வேண்டும். உயரழுத்தக் குழாய்களும் மாறும். உயிர்நிலை டைமிங்தான். முதல் பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் நிற்கும்போது, டெலிவரி வால்வைக் கழற்றி டயல் கேஜை இறக்கி, பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் எழுந்திருக்கிறது என அளந்து சரிசெய்த பிறகே கியரை இறுக்க வேண்டும். டைமிங் மிகவும் முந்தினால் எஞ்சின் தட்டும், ஹெட் கேஸ்கட்டுக்கே ஆபத்து. பிந்தினால் புகை கூடும், இழுவை குறையும்.